தொட்டித் தண்ணீரில் தாதுச்சத்து: கருவி வாங்கலாமா?

கேள்வி: பினாங்கில் நிபோங் திபால் பக்கம் 10 மாடுகள் வளர்க்கிறேன். பகலில் செம்பனைத் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு மாலையில் கொட்டகைக்கு வந்துவிடும். தாதுச்சத்துத் திரவத்தைக் குடிதண்ணீரில் தானாகக் கலக்கும் கருவி ஒன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: பகலில் அவை எங்கே தண்ணீர் குடிக்கின்றன? தோட்டத்து வாய்க்காலில் என்றால் காசைப் பையிலேயே வையுங்கள். அங்கே வயிறு முட்டக் குடித்த மாடு உங்கள் தொட்டியில் மூக்கை நனைப்பதோடு சரி. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால் ஈரப் புல்லிலேயே தாகம் குறைந்துவிடும். தொட்டியில் குடிக்கும் தண்ணீர் குறைந்தால் அதில் கலந்த மருந்தும் (தாதுச்சத்துத் திரவமும்) குறையும்.

முதலில் தொட்டிக் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டரைப் பொருத்தி ஒரு வாரம் கணக்கெடுங்கள். நம் வெயிலுக்கு வளர்ந்த மாடு நாளுக்கு 40 லிட்டர் போல் குடிக்கும். கறவை மாடு இன்னும் கூடுதலாக. பத்து மாட்டுக்கு 400 லிட்டர் ஓடவேண்டிய இடத்தில் 150தான் ஓடுகிறது என்றால் மீதியை வெளியே குடிக்கின்றன.

முழுவதும் தொட்டியில்தான் என்றால் கணக்கு இப்படி: புட்டியில் நாளுக்கு ஒரு மாட்டுக்கு 20 மில்லி என்றிருந்தால் பத்துக்கு 200 மில்லி. கருவியை 1 விழுக்காட்டில் வைத்தால் 400 லிட்டருக்கு 4 லிட்டர் கரைசலை இழுக்கும். ஆகவே 200 மில்லி மருந்தோடு தண்ணீர் சேர்த்து 4 லிட்டராக்கி வாளியில் வையுங்கள்.

மின்சாரம் இல்லாமல் தண்ணீர் ஓட்டத்திலேயே இயங்கும் கருவி என்றால் குறைந்தபட்ச அழுத்தத்தைக் கேளுங்கள். 0.3 பார் என்றால் மேல்தொட்டியின் தண்ணீர் மட்டம் கருவிக்கு மேலே குறைந்தது 3 மீட்டர் இருக்கவேண்டும். குறைந்தபட்ச ஓட்டமும் முக்கியம். மிதவை வால்வு பாதி மூடித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்போது உள்ளே பிஸ்டன் நின்றுவிடும். தண்ணீர் போகும், மருந்து போகாது. கருவிக்கு முன்னால் வடிகட்டி வேண்டும். இரும்புச்சத்துள்ள கிணற்றுத் தண்ணீர் என்றால் அதை அடிக்கடி கழுவவேண்டும். வீட்டுக் குழாயோடு இணைப்பு இருந்தால் மருந்துத் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு கட்டாயம். ரப்பர் சீல் தேயும் பொருள். அது இங்கேயே கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

யூரியா கலந்த திரவமாக இருந்தால் கையால் தொட்டியில் ஊற்றவே கூடாது. அளவு மீறினால் வயிறு உப்பி, நடுங்கி, நுரை தள்ளி, ஓரிரு மணி நேரத்தில் மாடு சாகலாம்.

கேள்வி: மூட்டையில் விற்கும் தாது உப்புத் தூளையே தொட்டியில் கொட்டினால் போதாதா?

பதில்: ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். அடியில் வெள்ளையாகத் தங்குவதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் பொடியும் டைகால்சியம் பாஸ்பேட்டும் (கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு)தான். இரண்டும் தண்ணீரில் கரையாது. தொட்டியிலும் அப்படியே சேறாகக் கிடக்கும். மாலையில் கொட்டகைக்கு வரும் மாட்டுக்குச் செம்பனைப் பிண்ணாக்கு வைப்பீர்கள் அல்லவா? அதில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் குறைவு. அந்தக் குறை தீர, தூளை மூட்டையில் அச்சிட்ட அளவுப்படி அதிலேயே பிசைந்து வையுங்கள். உங்கள் நிலைமைக்குக் கருவியைவிட இதுதான் மலிவு. செம்மறி ஆடும் சேர்த்து வளர்த்தால் மட்டும் மாட்டுத் தூளை அதற்கு வைக்காதீர்கள், தூளில் உள்ள செம்பைச் செம்மறி தாங்காது.