எட்டேகால் மணிப் பத்திரிகை

கேள்வி: ஜெர்மனியில் டி.வி. நிகழ்ச்சி அட்டவணையையும் பெண்கள் பத்திரிகையையும் சேர்த்துத் தைத்து வாராவாரம் விற்கிறார்களாமே! செல்போன் இருக்கும்போது இதை எவர் வாங்குவார்?

பதில்: செல்போனில் ஒரு சானலின் அட்டவணையைப் பார்த்தால் இன்னொன்று நழுவிவிடும். ஹாம்பர்க்கில் பவுவர் நிறுவனம் 1983-இல் தொடங்கிய இந்த ரகப் பத்திரிகை ஒன்றின் பெயரே 'அவுஃப் ஐனன் பிளிக்'. 'ஒரே பார்வையில்' என்று பொருள். பெயரிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது.

பெண்களுக்கு டி.வி. பைத்தியம், அதனால் சேர்த்தார்கள் என்று நினைக்கிறீர்களா? கணக்கு வேறு. சமையல் குறிப்பு, வைத்தியக் குறிப்பு, ராஜகுடும்ப வம்பு, குறுக்கெழுத்து மட்டும் உள்ள பத்திரிகையை அரை மணியில் புரட்டி எறிந்துவிடலாம். அட்டவணை இருந்தால் எறிய முடியாது. அங்கே நிகழ்ச்சி வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடிகிறது. அதுவரை பத்திரிகை சோபாவை விட்டு நகராது. படம் எத்தனை மணிக்கு என்று பார்க்க எடுக்கிற கை, போகிற போக்கில் கேக் செய்முறையிலும் நிற்கும், பக்கத்து விளம்பரத்திலும் நிற்கும். விளம்பரதாரர் காசு கொடுப்பது அந்த இரண்டாவது, மூன்றாவது பார்வைக்குத்தான்.

அட்டவணையில் கண் முதலில் தேடுவது 20.15, அதாவது இரவு எட்டேகால். பொதுத்துறை டி.வி.யான ஏ.ஆர்.டி.யின் 'டாகஸ்ஷவ்' செய்தி இரவு எட்டுக்குத் தொடங்கிக் கால் மணி ஓடும். அது முடிந்த பிறகுதான் ஊரே படத்துக்கு உட்காரும். தனியார் சானலான சாட் 1 தொண்ணூறுகளில் எட்டு மணிக்கே படத்தைப் போட்டுப் பார்த்தது. ஜனங்கள் அசையவில்லை, 20.15-க்கே திரும்பியது. 1970 முதல் ஓடும் 'டாட்டோர்ட்' துப்பறியும் தொடருக்கும் ஞாயிறு இரவு அதே நேரம்தான்.

அச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பெரிய செய்தி வெடித்தால் ஏ.ஆர்.டி. 20.15-க்கு 'பிரென்புங்க்ட்' சிறப்புத் தொகுப்பை நுழைக்கும். அன்றைய படம் பின்னால் தள்ளிப்போகும். முன்பே அச்சான தாளுக்கு அது எப்படித் தெரியும்?

வீடியோ கேசட் காலத்தில் இதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், 1985-இல் வந்த வி.பி.எஸ். என்ற பதிவு ஏற்பாடு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முதலில் அறிவித்த நேரமே அடையாள எண். நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும்போது நிலையம் அந்த எண்ணை ஒளிபரப்போடு அனுப்பும். ரெக்கார்டர் அதுவரை காத்திருந்து பதிவைத் தொடங்கும். படம் இருபது நிமிடம் தாமதமானாலும் கிளைமாக்ஸ் வெட்டுப்படாது. ஆனால், அச்சுக்குப் போகும் முன்பே முதலில் அறிவித்த நேரமும் தொடங்கும் நேரமும் வேறுபட்டுவிட்டால் பத்திரிகை இரண்டையும் அச்சிடும், 'வி.பி.எஸ்.' என்று பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டதைத்தான் ரெக்கார்டரில் அழுத்த வேண்டும். பெரிதாகத் தெரிந்த நேரத்தை அழுத்தியவரின் ரெக்கார்டர், வராத எண்ணுக்காக இரவெல்லாம் காத்திருக்கும். காலையில் கேசட் காலி. திட்டு மட்டும் பத்திரிகைக்கு.