முன்வரிசையில் பாட்டு கேட்காது

அன்புள்ள ஐயா,

தருமபுரிப் பக்கத்துக் கூத்துகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன் நான். இது கூத்து பற்றிய கடிதம் இல்லை. இருந்தாலும் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

எனக்கு வயது 38. ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஓசூரில். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அமெரிக்க மெட்டல் ராக் குழுவான மெட்டாலிகா வாசித்தபோது முன்வரிசையில் நின்றேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் டெல்லியை ஒட்டிய குர்கானில் நடக்கவேண்டிய நிகழ்ச்சி, மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பு உடைந்து நின்றுபோயிருந்தது. இங்கேயும் நடக்காமல் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் நானும் நண்பனும் பஸ் ஏறினோம். மதியமே போய் வரிசையில் நின்று, கேட் திறந்ததும் ஓடித் தடுப்புக் கம்பியைப் பிடித்தோம். பிடித்த கையை ராத்திரி வரை விடவில்லை. தண்ணீர் இல்லை, உட்காரவில்லை.

உண்மையைச் சொன்னால் பாட்டு சரியாகக் கேட்கவே இல்லை. டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. குரல் எங்கோ தூரத்தில் இருந்தது. பின்னால் நின்றவர்கள் ‘என்னா சவுண்டுடா!’ என்றபோது நானும் தலையாட்டினேன். எனக்கு நினைவிருப்பது, கிடார் வாசித்துக்கொண்டே பாடும் ஹெட்ஃபீல்டின் வலது மணிக்கட்டுதான். மேலும் கீழுமாகப் போகாமல் கீழ்நோக்கி மட்டுமே அடித்துக்கொண்டிருந்தது, நிற்கவே இல்லை. அப்புறம் மேடை ஓரத்தில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர். அடுத்த பாட்டுக்கான கிடாரை வைத்துக்கொண்டு சுருதி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறைகூட அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, ‘முன்னாடி போயி நின்னு என்னத்தடா கேட்ட?’ என்றார். அவர் பம்பை மேளம் வாசிப்பவர். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இப்போது அக்கா மகன், 19 வயது, பெங்களூரில் ஒரு ராக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். முன்னால்தான் நிற்பேன் என்கிறான். 2025 ஜூனில் பெங்களூர் ஸ்டேடியம் வாசலில் 11 பேர், செப்டம்பரில் கரூரில் 41 பேர் என்று நெரிசலில் இறந்ததைப் பார்த்த பிறகு அக்கா விடமாட்டேன் என்கிறாள். என்னைச் சொல்லச் சொன்னாள். நானும் ‘போகாதே’ என்றேன். ‘நீங்க மட்டும் போனீங்களே மாமா’ என்றான். அன்று நான் செய்தது முட்டாள்தனமா? அவனுக்கு நான் என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முட்டாள்தனம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்களுக்குப் பாட்டு கேட்காமல் போனதற்குக் காரணம் உங்கள் காது இல்லை. பெரிய மேடைகளில் ஒலிபெருக்கிகளை இரண்டு பக்கமும் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அவை மைதானத்தின் நடுவையும் பின்பக்கத்தையும் பார்த்துப் பேசுபவை. கம்பியைப் பிடித்து நிற்பவன் அவற்றுக்குக் கீழே, உள்பக்கமாக நிற்கிறான். அவனுக்கென்று மேடை விளிம்பில் சின்னப் பெட்டிகள் சிலவற்றை வைப்பதுண்டு. ஆனால் நேராக வந்து விழும் டிரம்ஸ் சத்தத்துக்கு முன்னால் அவை எம்மாத்திரம்? ஒலியைக் கலந்து தருபவர் மைதானத்தின் நடுவில் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து, அங்கே தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படிச் சரிசெய்கிறார். நல்ல பாட்டு வேண்டுமென்றால் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நான் அப்படி நின்றிருக்கிறேன். அதே மைதானத்தில், 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் குழு வாசித்தபோது அந்தக் கூடாரத்தை ஒட்டி நின்றேன். மூன்று கிடார்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. சொல் சொல்லாகப் பாட்டு காதில் விழுந்தது. ஆனால் மேடையில் இருந்தவர்கள் என் கட்டைவிரல் உயரம்தான். அவர்களில் ஒருவருடைய கைகூட இன்றைக்கு என் நினைவில் இல்லை. உங்களுக்கு இத்தனை வருஷம் கழித்தும் ஒரு மணிக்கட்டு இருக்கிறது. பொறாமையாக இருக்கிறது ஐயா, மனதாரச் சொல்கிறேன்.

சின்ன வயதில் பென்னாகரம் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும். சாக்கை மடித்துக்கொண்டு போய் முதல் வரிசையில் இடம் போடுவோம். பெரியவர்கள் தள்ளித்தான் உட்காருவார்கள். அவர்களுக்குப் பாட்டு முக்கியம், அடி பிசகினால் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு ஒரு வரியும் புரியாது. ஆனால் விடிகிற நேரத்தில் துரியோதனன் முகத்து அரிதாரம் வேர்வையில் வெடித்து, வெடிப்புக்குள் மனிதத் தோல் தெரிவதை நாங்கள் மட்டும் பார்த்தோம். கிரீடத்தை இழுத்துக் கட்டிய கயிறு தாடைக்குக் கீழே சிவப்பாகப் பதிந்திருக்கும். அவர் சுழன்று ஆடும்போது காலடி மண் எங்கள் வாயில் வந்து விழும். துரியோதனனாக நிற்பவர் ஒரு மனுஷன், ராத்திரி முழுக்க உடம்பை வருத்தி அந்த ராஜாவைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு ராஜா தெரிந்தார். எங்களுக்கு அந்த உழைப்பு தெரிந்தது.

நீங்கள் பார்த்ததும் அதைத்தான். கீழ்நோக்கி மட்டும் அடிப்பது ஹெட்ஃபீல்டின் பெயர்பெற்ற முறை. மேலும் கீழும் அடித்தால் கைக்குப் பாதி வேலை மிச்சம். அவர் அதை மிச்சம் பிடிப்பதில்லை, அந்த ஒலியின் கனம் அங்கிருந்து வருகிறது. கேசட்டில் எத்தனை முறை கேட்டாலும் அந்தக் கை கண்ணில் படாது. சுருதி பார்த்துக்கொண்டிருந்த கறுப்புச் சட்டைக்காரரைக் கவனித்தீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அத்தனை ஆயிரம் பேரில் அவரைப் பார்த்தவர்கள் உங்களைப் போல ஒரு சிலர்தான் இருப்பார்கள்.

உங்கள் அப்பா கேட்டது குத்தல் என்று நினைத்துவிட்டீர்கள் போல. எனக்கு அப்படிப் படவில்லை. பம்பை வாசிக்கிறவருக்குத் தெரியாததா? ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு மேளம், இரண்டு கையிலும் குச்சி. அந்தச் சத்தம் அடுத்த ஊர் எல்லையில் போய்த்தான் பாட்டாக நிற்கும். பக்கத்தில் நிற்பவனுக்குக் குச்சி தோலில் விழுவதும் வாசிப்பவரின் மூச்சும்தான் கேட்கும். தெரிந்தவர் தெரிந்த கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். நீங்கள் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் மெத்தனமாகப் பேசமாட்டேன். முன்வரிசை ஆளைக் கொல்லும் இடமும்தான். 1979 டிசம்பர் 3-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ குழுவின் கச்சேரிக்கு வந்த 11 பேர் அரங்கத்தின் கதவருகிலேயே இறந்தார்கள். 2000 ஜூன் 30-ல் டென்மார்க்கின் ரோஸ்கில்டேயில் பேர்ல் ஜாம் குழு வாசிக்கும்போது மேடைக்கு முன்னால் 9 பேர். 2021 நவம்பரில் ஹூஸ்டனில் ஒரு ராப் கச்சேரியில் 10 பேர். மிதிபட்டுச் செத்தார்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்றபடியே மூச்சு முட்டித்தான் போகிறார்கள். நாலு பக்கமும் உடம்பு அழுத்தும்போது நெஞ்சுக்கூடு விரிய இடம் கிடைக்காது. விட்ட மூச்சைத் திரும்ப எடுக்க முடியாது. பின்னால் நின்று தள்ளுபவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது, ஓரடி கிடைத்தது என்று ஓரடி வைக்கிறான், அவ்வளவுதான். ஆகவே பையனின் தைரியத்தையோ ஒழுக்கத்தையோ வைத்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது.

நீங்கள் நின்றபோது அந்தத் தள்ளல் எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மெட்டாலிகா மேடை ஏறும் முன்பு விளக்கை அணைத்து, எனியோ மோரிக்கோனே 1966-ல் ஒரு கௌபாய் படத்துக்குப் போட்ட இசையை ஒலிக்கவிடுவார்கள். 1983-லிருந்து அதுதான் வழக்கம். நம் கூத்தில் ஆட்டம் தொடங்கும் முன் மேளதாளத்தை முழக்கிக் களரி கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். களரி கட்டும் சத்தம் கேட்டால் ஊரே எழுந்து வரும். இங்கே ஒரு மைதானமே ஒரே நேரத்தில் முன்னால் வரும். அந்த முதல் சில நிமிஷம் ஆபத்தானது. அதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க உங்களைவிட யார் இருக்கிறார்கள்?

கை இரண்டையும் குத்துச்சண்டைக்காரன் போல நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மூச்சுக்கு அந்த ஒரு சாண் இடம் உதவும். செல்போனோ செருப்போ விழுந்தால் குனியக்கூடாது. ஆள் விழுந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து உடனே தூக்கிவிட வேண்டும். பழைய ரசிகர்களிடம் இது எழுதாத சட்டம். தன் கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை, தான் நகராமலே உடம்பு அலை மாதிரி ஆடுகிறது என்றால் அது கிளம்பும் நேரம். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓய்கிற இடைவெளியில் சாய்வாக ஓரத்துக்கு வர வேண்டும். கம்பியை ஒட்டி நின்றிருந்தால் தடுப்புக்கு உள்பக்கம் நிற்கும் காவலரிடம் கை நீட்டினால் தூக்கி எடுத்துவிடுவார்கள். பிடித்த இடத்தை விடுவது வெட்கம் இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அன்று உங்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், கட்டாயம். இந்த மாதிரி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறை சொல்லியிருக்கிறது. முன்வரிசையில் அதற்குமேல் சுலபமாகப் போகும். உங்களுக்கும் கச்சேரி முடிந்து ஓரிரண்டு நாள் காதில் இரைச்சல் இருந்திருக்குமே? அது காது பட்ட அடி.

அக்காவிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது யாருக்கும் தெரியாத விஷயம். அவர் பயம் நியாயமானது. முடிந்தால் நீங்களும் ஒரு டிக்கெட் எடுங்கள். வழிகளையும் தடுப்புகளையும் நீங்களே பாருங்கள். ஏற்பாடு சரியில்லை என்று பட்டால் இரண்டு பேரும் திரும்பிவிட வேண்டும், இந்த நிபந்தனையை ஓசூர் தாண்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அவன் முன்னால் போகட்டும். நீங்கள் ஒலிக்கூடாரத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அன்று கேட்காததை இந்தத் தடவை கேட்டுவிடலாம். முடிந்ததும் கூடாரத்துக்குப் பின்பக்கம் சந்திப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் செல்போனை நம்ப முடியாது.

மறுநாள் காலையில் அவனைத் தாத்தாவிடம் கூட்டிப் போங்கள். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்பார். அவன் முடித்ததும் நீங்களும் 2011 பாக்கியைச் சொல்லுங்கள். மணிக்கட்டை வாயால் மட்டும் சொன்னால் போதாது, அவர் முன்னால் கையை அசைத்துக் காட்டுங்கள். கீழே மட்டும்.