கேள்வி நேரம்: கைப்பேசியில் காணொளிச் சேமிப்பு

கேள்வி: என் தந்தை பேரையூர்ப் பக்கம் தோட்டத்தில் இரவுக் காவலுக்குப் படுப்பவர். அங்கே சிக்னல் எட்டுவதில்லை. யூடியூபில் உள்ள, ஊர்த் திருவிழா மேடைகளில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களை அவருடைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுக்க விரும்புகிறேன். ஒரு நாடகமே ஆறு மணி நேரம் ஓடுகிறது. என்னுடையதோ நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. திட்டம். வழி உண்டா?
– வாசகர், டி.கல்லுப்பட்டி

பதில்: உண்டு. யூடியூப் செயலியில் காணொளிக்குக் கீழே உள்ள ‘டவுன்லோடு’ பொத்தானை அழுத்தினால் தரத்தைக் கேட்கும்; அங்கே உயர்ந்த தரத்துக்கு ஆசைப்படாதீர்கள். வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்திற்கு 450 எம்.பி. பிடிக்கும் என்பதால், ஆறு மணி நேர நாடகத்திற்கு 2.7 ஜி.பி. ஆகிவிடும், வீதம் அதில் பாதியானால் 1.35 ஜி.பி. போதும். மேடைக்கு எதிரே கேமராவை நிறுத்தி வைத்து எடுத்த நாடகத்தைக் கைப்பேசியின் சிறு திரையில் பார்ப்பதற்கு 360 என்ற தரமே தாராளம். பபூன் என்னும் கோமாளியின் பேச்சும் ஆர்மோனியமும் காதில் விழுந்தால் உங்கள் தந்தைக்கு வேறென்ன வேண்டும்? தினசரி டேட்டா பெரும்பாலான திட்டங்களில் நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவதால், அன்றைய மிச்சத்தைக் கொண்டு இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி, குறையைப் பன்னிரண்டு மணிக்கு மேல் மறுநாள் கணக்கில் முடித்துக்கொள்ளலாம். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கைப்பேசியில் இறக்கி அவருடையதற்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணினால் அது நடவாது. இவ்வாறு சேமிக்கப்படும் காணொளி பூட்டப்பட்ட வடிவில் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும். கேலரியில் தெரியாது, மெமரி கார்டில் நகலெடுத்து வேறு கருவியில் போட்டாலும் ஓடாது. ஆகவே உங்கள் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அவருடைய கைப்பேசியில் அவருடைய கணக்கிலேயே இறக்க வேண்டும். பிறகு அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டால் அங்கே சேமித்தவற்றைப் பார்க்க இயலாது. எல்லாக் காணொளிகளுக்கும் இந்த வசதி கிடைப்பதில்லை. குறிப்பாக, திரைப்பாடல்கள் பலவற்றிற்குக் கட்டணச் சந்தா தேவைப்படும். சேமித்த காணொளிக்கும் தவணை உண்டு: காணொளியையும் கணக்கையும் பொறுத்து 48 மணி நேரம் முதல் 29 நாள் வரை. அதற்குள் ஒருமுறை கைப்பேசி இணையத்தைத் தொட்டால் தவணை தானாக நீளும் என்பதால், தந்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் டேட்டாவைச் சற்றுநேரம் போட்டுவிடுங்கள்.

தவணைத் தொல்லை இல்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பினால், நாடகம் நடத்திய ஊர் விழாக் குழுவினரையோ அதைப் பதிவு செய்த வீடியோக்காரரையோ கேட்டுப் பாருங்கள். அவர்கள் இசைந்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் அந்தக் கோப்பு எந்தக் கருவியிலும் ஓடும். என் பார்வையில் இதுவே நல்ல வழி. ஆனால் ஊர்க்காரர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவி. பாடக் காணொளிகளை நேரடியாகக் கேலரியில் சேமிக்கும் செயலி ஒன்றைத் தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். நிறுவலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். தான் தரும் பொத்தானைத் தவிர வேறு வழியில் இறக்குவதை யூடியூப் தன் விதிமுறையிலேயே தடுத்திருப்பதால், இத்தகைய செயலிகளுக்குக் கூகுள் பிளே ஸ்டோரில் இடமில்லை. வெளியிலிருந்து வரும் ஏ.பி.கே. எனும் செயலி நிறுவும் கோப்பினுள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அனுப்பிய தோழிக்கும் தெரியாது. காணொளியைச் சேமிக்கும் செயலிக்கு உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி எதற்கு? அதைக் கொடுத்துவிட்டால், வீட்டில் எல்லோரும் புழங்கும் அந்த ஒரே கைப்பேசிக்கு வரும் வங்கி ஓ.டி.பி.யும் வெளியே போய்விடக்கூடும்.

உங்கள் தேவைக்கு நேர்வழிகள் உள்ளன. பாடநூலில் அச்சிடப்பட்டிருக்கும் கியூ.ஆர். குறியீட்டைத் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் வரும் பாடங்களை அதற்குள்ளேயே சேமித்து, இணையமின்றிப் பார்க்கலாம். கல்லூரிக்குச் சென்றபின், ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தின் விரிவுரைகள் பயன்படும். அங்கே பதிவிறக்க இணைப்பையே தருகிறார்கள். உங்கள் ஆசிரியர் தாமே எடுத்த காணொளியாக இருந்தால், வாட்ஸ்அப்பில் ‘டாகுமெண்ட்’ வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வழக்கமான வீடியோவாக அனுப்பினால் அளவு சுருக்கப்பட்டுக் கரும்பலகை எழுத்து மங்கிவிடும். டாகுமெண்ட்டாக அனுப்பினால் 2 ஜி.பி. வரை அப்படியே வந்து சேரும்.

கேள்வி: செல்போன் கடையில் பணம் கொடுத்தால் மெமரி கார்டு நிறையப் புதுப்படங்களை ஏற்றித் தருகிறார்கள். இது தவறா?
– வாசகர், மேலூர்

பதில்: தவறுதான். உரிமையாளரின் அனுமதியின்றிப் படங்களை நகலெடுத்து விற்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. போதாக்குறைக்கு, பல கைப்பேசிகளின் கார்டுகள் மாறி மாறி ஏறி இறங்கும் கடைக் கணினியிலிருந்து படத்தோடு வைரஸும் சேர்ந்து வரலாம். படம் பார்க்க வேண்டுமானால், சந்தா கட்டியுள்ள ஓ.டி.டி. செயலியில் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு பயணத்தில் பாருங்கள். அங்கே சில படங்கள், பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகும். ஆகையால் ‘எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று முந்தின நாளே ஓட்டிப் பார்க்காமல், பஸ் ஏறிய பிறகு தொடங்குங்கள்.