எந்த யோசனை?

கேள்வி: பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பழைய நூல்கள் கூறும் யோசனை என்ற தூர அளவின் கணக்கில் சொல்ல முடியுமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: முடியும், ஆனால் எவருடைய யோசனை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பூமியின் விட்டத்தைச் சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் 1,600 யோசனை என்றும் ஆரியபட்டர் 1,050 யோசனை என்றும் குறித்திருப்பதால், இன்று நாம் அறிந்த 12,742 கிலோமீட்டரை அவற்றால் வகுத்தால், ஒரு யோசனைக்கு முறையே ஏறத்தாழ 7.96, 12.14 கிலோமீட்டர் கிடைக்கின்றன. அவர்கள் பூமியைச் சரியாகவே அளந்திருந்தார்கள் என்று கொண்டால்தான் இது பொருந்தும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவைக் குறிக்கும் இன்றைய வானியல் அலகில் இந்தத் தடுமாற்றம் இல்லை. 2012-இல் அது 14,95,97,870.7 கிலோமீட்டர் என வரையறுக்கப்பட்டது. ஆகவே நீங்கள் கேட்ட தொலைவு முதற்கணக்கில் சுமார் 1.88 கோடி யோசனை, மற்றதில் 1.23 கோடி. நம் ஜவ்வாது மலைக் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி காணும் விண்மீன்களுக்கோ, ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவான ஒளியாண்டுதான் ஏற்றது. அதில் ஒன்றே சுமார் 63,241 வானியல் அலகு.