தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம்: அப்படி என்னதான் பேசுகிறார்கள்?

கேள்வி: "சனிக்கிழமை ஆனால் என் கணவர் நண்பர்களோடு சேர்ந்து ஏதோ வெளிநாட்டுக் கால்பந்து கிளப்பின் ஆட்டம் பார்க்கப் போய்விடுகிறார். ஆட்டம் தொண்ணூறு நிமிடம்தான். வீடு திரும்ப நான்கு மணி நேரம் ஆகிறது. இந்த ரசிகர்கள் கூடி உட்கார்ந்தால் அப்படி என்னதான் பேசுவார்கள்?"

உங்கள் கணவர் எந்தக் கிளப்பின் ரசிகர் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் கூட்டத்தில் நடப்பதைச் சொல்கிறேன், அவர்களிடமும் ஏறக்குறைய இதுதான் நடக்கும்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு மேலே ஓர் அறை, அதில் ஒரு டிவி. இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு ஆட்டம் என்றால் அங்கே கூடுவோம். இப்போது ஆறு பேர். சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருக்கும் அண்ணன், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி, நான், அப்புறம் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வரும் காப்பித் தோட்டக்காரர். இங்கிலாந்தில் மதியம் மூன்று மணி ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. ஆறு மணிக்கே தட்டுவடை செட்டு வாங்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

அந்த முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் தொழில்தான். ஆனால் தொழில் என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆரம்பிப்பதில்லை. 2025 தொடக்கத்தில் கிராம் நூறு ரூபாய்க்குள் இருந்த வெள்ளி அந்தத் தீபாவளிக்குள் இருநூறைத் தாண்டிவிட்டது. ஒரு கிலோவைச் சுழற்றித் தொழில் செய்தவனுக்கு ஒரு லட்சம் போதும் என்று இருந்தது. அதே ஒரு கிலோவுக்கு இரண்டு லட்சம் தேவைப்பட்டது. கூலி ஏறவில்லை, ஆர்டர்தான் குறைந்தது. கடன் வாங்கி வெள்ளி எடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் லிவர்பூல் ஆட்டக்காரர்களை வாங்கப் பணத்தைக் கொட்டியது. இசாக் என்ற ஒருவருக்கு மட்டும் 12.5 கோடி பவுண்டு. பிரிட்டனில் அதுவரை எந்தக் கிளப்பும் கொடுக்காத தொகை. எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் கோபமாகிவிட்டேன். விலை உச்சத்தில் இருக்கும்போது வாங்கினால் நாளைக்கு இறங்கும்போது யார் தலையில் விழும் என்று சத்தமாகப் பேசியிருக்கிறேன். ஆசிரியர் டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டறைக்கு எவ்வளவு கடன் வாங்கியிருக்கீங்க?" என்றார். அவ்வளவுதான், சொல்லிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளியை வியாபாரியே தர, கூலிக்கு மட்டும் செய்து கொடுப்பது என்று மாறினேன். லாபம் குறைவு. ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆம்பளைகள் நாங்கள் பல பேர் நேராகப் பேசத் தெரியாதவர்கள். பயம், கடன், துக்கம் எதையும் நேராக எடுத்து வைக்க வாய் வராது. கிளப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது அந்த வழியாக வெளியே வந்துவிடும்.

2025 ஜூலை 3, வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடைத் தம்பி போன் செய்தான். லிவர்பூலின் 20-ஆம் எண் ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டா ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்துவிட்டார். வயது 28. கூடவே அவர் தம்பி ஆந்த்ரே சில்வாவும் போய்விட்டார். ஜோட்டாவுக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு நாள். மூன்று குழந்தைகள். அன்றைக்கு ஆட்டம் எதுவும் இல்லை, ஆனாலும் சாயங்காலம் ஒவ்வொருவராக மாடிக்கு வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

வேறு வண்டியை முந்தும்போது டயர் வெடித்திருக்கலாம் என்று முதலில் செய்தி வந்தது. அதைக் கேட்டதும் லாரி அண்ணன் பேச ஆரம்பித்தார். இருபத்தைந்து வருடம் ஸ்டீயரிங் பிடித்தவர். ரீட்ரேட் செய்த டயரை, அதாவது தேய்ந்ததுக்கு மேலே புது ரப்பர் ஒட்டியதை, பின்னால் போடலாம், முன்னால் போடவே கூடாது, முன் டயர் வெடித்தால் வண்டி டிரைவர் கையில் இல்லை என்றார். தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொன்னார். தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும், சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அப்புறம்தான், இரண்டு வருடத்துக்கு முன் அந்த இறக்கத்தில் தன்னிடம் வேலை பார்த்த ஒரு டிரைவர் இறந்ததைச் சொன்னார். பையனுக்கு 29 வயது. எங்களுக்கு அது அன்றுவரை தெரியாது. இரண்டு வருடமாக வாரா வாரம் எங்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். ஜோட்டாவின் 20-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவித்தபோது, "எங்க பையனோட சாவிக்கொத்து இன்னும் ஆணியிலதான் தொங்குது, நானும் யாருக்கும் தரலை" என்றார்.

இங்கிலாந்தில் யாரோ பன்னிரண்டு கோடி பவுண்டு வாங்குவதும் போர்ச்சுகல் ஆட்டக்காரர் ஒருவர் இறப்பதும் உங்களுக்கு என்ன ஆகிறது என்று என் மாமா கேட்பார். மாமாவுக்கு இதைத்தான் சொல்ல ஆசை, ஆனால் அவர் முன்னால் எனக்கு வாய் வருவதில்லை. இங்கே எழுதுகிறேன்.

இப்போது 2025 செப்டம்பர் 27-க்கு வருகிறேன். அதுவும் சனிக்கிழமை. கிரிஸ்டல் பேலஸ் அணியோடு அவர்கள் மைதானத்தில் ஆட்டம், நமக்கு இரவு ஏழரை. ஒன்பதாவது நிமிடத்திலேயே லிவர்பூல் ஒரு கோல் வாங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. கரூரில் வேலுசாமிபுரத்தில் விஜய் கூட்டத்தில் நெரிசல். மயங்கி விழுகிறார்கள் என்றார்கள், பிறகு இறந்துவிட்டார்கள் என்றார்கள். பத்து, இருபது, முப்பது என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. குழந்தைகளும் இருந்தார்கள். கடைசியில் 41 உயிர்.

அன்று பகலில் விஜய் நாமக்கல்லில் பேசிவிட்டுத்தான் கரூர் போனார். தறிக்காரரின் மைத்துனர் மகன் நாமக்கல்லுக்குப் போனவன், பைக்கில் பின்னாலேயே கரூருக்கும் போயிருக்கிறான். போன் எடுக்கவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆறு பேரும் ஆறு பக்கம் போன் போட்டோம். 87-ஆவது நிமிடத்தில் சியேசா கோல் போட்டுச் சமன் செய்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கூடுதல் நேரத்தின் ஏழாவது நிமிடத்தில் பேலஸ் இன்னொரு கோல் போட்டு ஜெயித்தது. அந்த சீசனின் லீக்கில் எங்களுக்கு அது முதல் தோல்வி. அன்று யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தேகாலுக்குப் பையனே கூப்பிட்டான். நெரிசலின் ஓரத்தில் இருந்ததால் தப்பித்திருக்கிறான். செருப்பு போய்விட்டது, பைக் எங்கே நின்றது என்று தெரியவில்லை, ஆள் நன்றாக இருக்கிறான். தறிக்காரர் அழுதார். நாங்களும்தான்.

அதற்குப் பிறகும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. போனில் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டார்கள். குழந்தையை ஏன் தூக்கிக்கொண்டு போனார்கள், இவர்களுக்கு அறிவில்லையா என்று இறந்தவர்களையே திட்டி எழுதியிருந்தார்கள். மருந்துக்கடைத் தம்பி அதை வாசித்துக் காட்டியதும் ஆசிரியர் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஹில்ஸ்பரோ அன்னைக்கும் இதையேதான் சொன்னாங்க" என்றார்.

லிவர்பூல் ரசிகருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. உங்களுக்காகச் சொல்கிறேன். 1989 ஏப்ரல் 15, ஷெப்பீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வெளியே கூட்டம் நெருக்குகிறது என்று போலீசார் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனவர்களை வேறு பக்கம் திருப்பிவிட யாரும் இல்லை. எல்லோரும் எதிரே தெரிந்த சுரங்கப் பாதை வழியாக, ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பகுதிக்குள் போனார்கள். முன்னால் இரும்பு வேலி, பின்னால் தள்ளும் கூட்டம். மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். மொத்தம் 97 பேர் இறந்தார்கள். கடைசியானவர் அன்றைய காயங்களோடு முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்து 2021-இல் போனவர்.

ரசிகர்களே கேட்டை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று போலீஸ் அதிகாரி அன்றே சொன்னார். குடித்துவிட்டு வந்தார்கள் என்றார்கள். தி சன் பத்திரிகை அதை 'உண்மை' என்று தலைப்பிட்டு முதல் பக்கத்தில் போட்டது. லிவர்பூல் நகரத்தில் இன்றும் பலர் அதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. குடும்பங்கள் விடவில்லை. 2012-இல் சுயாதீனக் குழு ஒன்று ஆவணங்களைத் தோண்டியபோது 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது வெளியே வந்தது. 2016 ஏப்ரலில்தான் விசாரணை நடுவர்கள், இது சட்டத்துக்குப் புறம்பாக நேர்ந்த உயிரிழப்பு, ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று சொன்னார்கள். 27 வருடம்.

2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே கிரிக்கெட் வெற்றி விழாக் கூட்டத்தில் 11 பேர் இறந்தபோதும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஆனால் கரூர் பக்கத்து ஊர், அதுவும் பையன் அங்கேயே இருந்தான். எங்கள் ஆறு பேரில் மூன்று கட்சிக்காரர்கள் உண்டு. வழக்கமாக அரசியல் வந்தால் குரல் ஏறும். அன்று ஏறவில்லை. கரூரில் யார் மேல் தவறு என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை, செய்யக் கூடாது என்றுதான் பேசினோம். முதல் நாள் சொல்லும் காரணத்தை யார் சொன்னாலும் நம்பிவிடக் கூடாது, செத்தவர் மேல் பழி போடும் எதையும் பகிரக் கூடாது. இதை அரசியல் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை, ஒரு கால்பந்து கிளப்தான் கற்றுக் கொடுத்தது. அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

சரி, அப்படியென்றால் நம்மூர்க் கிளப் எதையாவது ஆதரிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆதரித்தோம். சென்னை சிட்டி அணி கோவை நேரு மைதானத்தை வீடாக வைத்து ஆடியபோது சேலத்திலிருந்து ரயிலில் போய்ப் பார்த்தோம். 2019 மார்ச் 9, முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு மூன்று போட்டு மினர்வா அணியை ஜெயித்து ஐ-லீக் என்ற தேசியப் போட்டியின் கோப்பையைத் தூக்கினார்கள். தொண்டை கட்டி மூன்று நாள் பேச முடியவில்லை. சில வருடத்தில் அந்தக் கிளப் லீக்கிலேயே இல்லை. 'சென்னையின் எஃப்.சி.' என்ற இன்னொரு கிளப் இரண்டு முறை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன். 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள், ஆகஸ்டில் கிளப் தன் அணியின் வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. லிவர்பூல் 1892-இல் தொடங்கியது. அவ்வளவு காலம் விடாமல் நின்றதால்தான் அதற்குள் இத்தனை பேருடைய துக்கமும் கோபமும் சேர்ந்திருக்கிறது. நம் ஊர்க் கிளப்புகளுக்கும் அந்த ஆயுள் வேண்டும். இதை நினைத்தால் ஏற்காட்டுக்காரருக்குத்தான் அதிகம் வலிக்கும். அவர் மலையில் மிளகுக் கொடிக்கு நடுவே இருக்கிற கொஞ்சம் சமதளத்தில் பந்து உதைத்து வளர்ந்தவர்.

அன்று இரவு வீட்டுக்குப் போகப் பதினொன்றரை ஆகிவிட்டது. மனைவி செய்தி பார்த்துக்கொண்டு விழித்திருந்தார். மேட்ச் என்ன ஆச்சு என்று கேட்டார். தோற்றதைச் சொல்லவில்லை, ஹில்ஸ்பரோவைச் சொன்னேன். மகளின் சிவப்புச் சட்டையில் பின்கழுத்தில் இருக்கும் 97 என்ற எண் எதற்கு என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பேச்சோடு பேச்சாக வெள்ளிக் கடனையும் சொல்லிவிட்டேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. நான் சொல்லாமல் இருந்ததுதான் வருத்தம் என்றார். இரண்டு மணி வரை பேசினோம்.

போன டிசம்பரில் வைகுண்ட ஏகாதசிக்கு விடியற்காலையில் கோட்டை அழகிரிநாதர் கோயிலுக்குப் போனோம். சொர்க்கவாசலுக்கு நல்ல கூட்டம். வரிசையில் நிற்பதற்கு முன்னால் மகள் என் கையை இழுத்து, "அப்பா, அம்மா கேக்கச் சொன்னாங்க. தள்ளுமுள்ளு ஆனா எந்தப் பக்கம் வெளிய போகணும்?" என்றாள். மூன்று பேரும் நின்று வழியைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் வரிசைக்குப் போனோம்.