ஊர் வரலாற்றுக் கழகம் தொடங்கினால் என்ன வேலை இருக்கும், பணத்துக்கு என்ன வழி?

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊர் வரலாற்றுக் கழகம் ஒன்று தொடங்கப் போகிறோம், அது நடைமுறையில் என்னதான் செய்யும், பணம் எங்கிருந்து வரும், எதில் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒரு சின்னக் கழகத்தில் ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தவன் நான். இப்போதும் வாரத்தில் ஒரு சாயங்காலம் அதன் ஆவண அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

பழைய பொருள்களைச் சேர்க்க நிறையப் பணம் வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் முதலில் தயங்குகிறார்கள். அந்தப் பயமே வேண்டாம். கழகம் என்று பெயர்ப் பலகை மாட்டிய ஆறு மாதத்தில் பொருள் தானாக வந்து சேரும். வீடு மாற்றுகிறவர்கள், பெரியவர் காலமான பிறகு பரணைக் காலி செய்கிறவர்கள், கடையை மூடுகிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்ததை நாற்பது ஐம்பது வருடம் கெடாமல் வைத்திருக்கத்தான் பணம் வேண்டும், அதுவும் வருடா வருடம், நிற்காமல். யானையை யாராவது இனாமாகக் கொடுத்துவிடுவார்கள், தீனி நம் பொறுப்பு. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் நான் கீழே சொல்வதெல்லாம் தானாகப் புரியும்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியில் தெரிவது சொற்பொழிவு, கண்காட்சி, பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கும் நடை, வருடம் ஒரு மலர். இவையெல்லாம் ஆட்கள் சேர உதவும், விடக்கூடாது. ஆனால் நேரத்தில் முக்கால்வாசி போவது அறைக்குள்தான். வந்த பொருளைப் பிரிப்பது, சுத்தம் செய்வது, எண் போடுவது, பட்டியலில் ஏற்றுவது, பெட்டியில் வைப்பது, கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் காட்டுவது.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். ஒரு தையற்கடையின் அளவு நோட்டு எங்களிடம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், தோள், மார்பு, கை நீளம், வாங்கிய முன்பணம், பாக்கி. பக்க ஓரத்தில் அந்தந்தத் துணியிலிருந்து வெட்டிய விரல் அகலத் துண்டு ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். துணியின் நிறம் அப்படியே இருந்தது, ஊசிதான் துருப்பிடித்து, அந்தத் துரு காகிதத்தில் இறங்கி அடுத்தடுத்த நாலு பக்கங்களில் பழுப்பு ஓட்டையாகிவிட்டது. பிடித்து இழுத்தால் காகிதம் கிழியும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஊசிக்கும் காகிதத்துக்கும் நடுவே சொருகி, ஊசியை அந்தத் தகட்டின் மேல் அழுத்தி மெதுவாக நெளித்து எடுக்க வேண்டும். முழு நோட்டுக்கும் இரண்டு பேருக்கு ஐந்து சாயங்காலம் ஆனது. துணித் துண்டுகளைப் பக்க எண் எழுதிய காகித உறைகளில் போட்டோம். கண்காட்சியில் வைக்கும் பொருளாக யாரும் அதை நினைக்கவில்லை, ஆனால் ஒரு காலத்தில் யார் யார் புதுத் துணி தைத்தார்கள், எத்தனை பேர் கடன் சொல்லித் தைத்தார்கள், எந்த மாதம் பாக்கி கூடியது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் வேறு ஆவணம் எங்கள் அலமாரியில் கிடையாது.

இந்த ஐந்து சாயங்காலத்துக்கு எந்த நன்கொடையாளரும் பணம் தர மாட்டார். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வருமானம் என்று பார்த்தால் உறுப்பினர் சந்தா, நன்கொடை, வெளியீடுகளின் விற்பனை, அரசோ அறக்கட்டளையோ தரும் மானியம், எப்போதாவது யாராவது உயிலில் எழுதி வைப்பது, அவ்வளவுதான். இதில் சந்தா சிறிய தொகை, ஆனால் உயிர்நாடி. ஏனென்றால் அது ஒன்றுதான் எந்த நிபந்தனையும் இல்லாமல் வருகிறது. மின்கட்டணம் கட்டலாம், பூட்டு மாற்றலாம், பெட்டி வாங்கலாம். மானியம் பெரிய தொகையாக வரும், ஆனால் இன்ன வேலைக்கு என்று முத்திரை குத்தி வரும். கண்காட்சிக்குக் கொடுத்த பணத்தைக் கண்காட்சிக்குத்தான் செலவழிக்க வேண்டும், அறை ஒழுகினாலும் அதைத் தொடக்கூடாது.

எங்களுக்கு இதில் ஒரு முறை நன்றாக அடிபட்டது. எனக்கு முன்பு இருந்த நிர்வாகத்தில், காட்சிப் பேழைக்கென்று ஒருவர் கொடுத்த தொகையை, கையில் காசில்லாத ஒரு மழைக்காலத்தில் கூரைப் பழுதுக்கு எடுத்துவிட்டார்கள். யாரும் பைசா திருடவில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், பிறகு போட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். அப்புறம் போடவே முடியவில்லை. பேழை எங்கே என்று அவர் நேரில் வந்து கேட்ட நாளில் நான் புதுப் பொருளாளர், பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். அவரிடம் கணக்கைக் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொல்லி, தவணையில் அந்த நிதியை மறுபடி நிரப்ப எங்களுக்கு இரண்டரை வருடம் பிடித்தது. அதற்கப்புறம் இன்ன வேலைக்கென்று வந்த ஒவ்வொரு நிதிக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் போட்டோம், வங்கி இருப்பு என்று ஒரே எண்ணைக் கூட்டத்தில் படிக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். வங்கியில் இருக்கும் தொகையில் எவ்வளவு நம் இஷ்டத்துக்குச் செலவழிக்கக் கூடியது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். பல கழகங்கள் வங்கிக் கணக்கில் கணிசமாகப் பணம் இருக்கும்போதே திண்டாடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆயுள் சந்தா பற்றி ஒரு வார்த்தை. தொடங்கும்போது கைக்கு மொத்தமாகப் பணம் வருகிறதே என்று எல்லோரும் ஆயுள் உறுப்பினர் சேர்ப்பார்கள். வந்த தொகை இரண்டு வருடத்தில் செலவாகிவிடும், ஆனால் மலரை அவர்களுக்கு முப்பது வருடம் அச்சடித்து அனுப்ப வேண்டும், தபால் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். வாங்குவதென்றால் அந்தத் தொகையை அப்படியே வைப்பு நிதியில் போட்டு வட்டியை மட்டும் எடுக்க வேண்டும், அந்த வட்டி வருடச் சந்தாவுக்கு ஈடாக வருகிற அளவுக்குத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். வட்டி 5 சதவீதம் என்றால் ஆயுள் சந்தா வருடச் சந்தாவைப் போல இருபது மடங்கு. அவ்வளவு யாரும் தர மாட்டார்கள் என்றால் அந்தத் திட்டமே வேண்டாம்.

இது சின்னக் கழகங்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். நியூயார்க் வரலாற்றுக் கழகம் 1804-ல் தொடங்கியது, அமெரிக்காவின் பழைய கழகங்களில் ஒன்று, லட்சக்கணக்கில் ஆவணங்கள். அதுவே 1993-ல் பணமில்லாமல் பொதுமக்களுக்குக் கதவை மூட வேண்டி வந்தது, 1995-ல்தான் மறுபடி திறந்தார்கள். பல பத்தாண்டுகளாக வந்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தார்கள், வருமானம் அந்தச் சேகரிப்பைப் பராமரிக்கும் அளவுக்கு வளரவில்லை, துண்டு விழுந்ததை, வட்டிக்காக வைத்திருந்த மூலநிதியிலிருந்து எடுத்து அடைத்தார்கள். மூலநிதி குறையக் குறைய அடுத்த வருட வட்டியும் குறையும், அப்போது இன்னும் கொஞ்சம் மூலநிதியில் கைவைக்க வேண்டும். கடைசியில் சேகரிப்பில் ஒரு பகுதியை ஏலத்துக்கு அனுப்பும் நிலை வந்தது.

அகலக்கால் வைக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். எதை வாங்குவோம், எதை வாங்க மாட்டோம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி நிர்வாகக் குழுவில் நிறைவேற்றி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரோடு சம்பந்தம் இருக்கிறதா, ஏற்கெனவே நம்மிடம் இதுபோல் இருக்கிறதா, வைக்க இடம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். எழுத்தில் இருந்தால் வாசலில் பெட்டியோடு நிற்பவரிடம் முகம் கோணாமல் மறுக்கலாம், "எங்கள் விதி இது" என்று. வாங்கினால் அன்றைக்கே நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குங்கள். பொருள் இனி கழகத்துக்குச் சொந்தம், தேவைப்பட்டால் வேறு இடத்துக்கு மாற்றவும் விலக்கவும் கழகத்துக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்க வேண்டும். "சும்மா வைத்திருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று விட்டுப்போன பெட்டி பதினைந்து வருடம் கழித்துப் பேரன் வந்து கேட்கும்போது பெரிய மனஸ்தாபமாகிவிடும். புகைப்படங்களில் இன்னொன்றும் உண்டு. படம் கையில் இருப்பதால் மட்டும் அதை அச்சிடும் உரிமை வந்துவிடாது, எடுத்தவருக்கோ அவர் வாரிசுக்கோ பதிப்புரிமை இருக்கலாம், அதையும் பத்திரத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இருப்பதை விற்றுச் சமாளிக்கலாமே என்று ஒருவர் நிச்சயம் கூட்டத்தில் எழுந்து சொல்வார். சேகரிப்பிலிருந்து விற்ற பணத்தைச் சேகரிப்புக்காகத்தான் செலவழிக்க வேண்டும், சம்பளத்துக்கோ மின்கட்டணத்துக்கோ எடுக்கக்கூடாது என்பது அருங்காட்சியகத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட நெறி. இது மிகச் சரி என்று மனதார நம்புகிறேன். நீங்கள் காப்பாற்றுவீர்கள் என்று நம்பித்தான் ஒருவர் தாத்தாவின் நாட்குறிப்பைக் கொடுக்கிறார். அது ஒரு முறை மின்கட்டணமாகப் போனால் அடுத்த நாட்குறிப்பு உங்களிடம் வராது.

செலவுக்கு வருகிறேன். இடம்தான் பெரியது, வாடகை இல்லாத இடம் கிடைத்தாலும் அதன் பழுது, காப்பீடு, பூட்டு எல்லாம் உண்டு. அடுத்து ஈரப்பதம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் கூடவே வரும். ஈரப்பதமானி ஒன்று சின்னக் கருவிதான், முதல் மாதமே வாங்குங்கள், அது காட்டும் எண்ணைத் தினமும் எழுதுங்கள். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் வையுங்கள், குழாய் போகும் சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள். இந்த இரண்டுக்கும் காசே ஆகாது. அமிலம் இல்லாத அட்டைப் பெட்டிக்கும் உறைக்கும் ஆகும், அதில் கஞ்சம் பார்க்க வேண்டாம். செல்லோடேப், லேமினேஷன் இரண்டையும் அறைக்குள்ளேயே விடாதீர்கள். நல்ல மனதோடு லேமினேட் செய்து கொண்டு வந்து தந்த கடிதங்களைப் பார்த்து நான் வாய்விட்டு அழாத குறை, அதைச் சேதமில்லாமல் பிரித்து எடுப்பது மிகவும் கஷ்டம்.

பழைய பிலிம் சுருள் வந்தால் டப்பாவைத் திறந்து முகருங்கள். வினிகர் வாடை அடித்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது, மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதைப் பிரதி எடுக்க வேண்டும். 1950-களுக்கு முந்தைய நைட்ரேட் பிலிம் என்று சந்தேகம் வந்தால் அந்த அறையிலேயே வைக்காதீர்கள், அது சட்டென்று தீப்பிடிக்கும் ரகம், தெரிந்த நிபுணரைக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் செய்துவிட்டால் செலவு முடிந்தது என்ற எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுணுக்கத்தில், வண்ணத்தில் சுருக்காமல் சேமித்தால் சுமார் 100 எம்பி. ஆயிரம் பக்கத்துக்கு 100 ஜிபி. அதை மூன்று பிரதியாக, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்றையாவது வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டியது, அப்போது எல்லாவற்றையும் நகலெடுத்துச் சரிபார்க்க வேண்டும். அதுவும் வருடாந்திரச் செலவுதான், பட்ஜெட்டில் ஒரு வரி அதற்கு ஒதுக்குங்கள். அதை விட முக்கியம், படத்தில் இருப்பவர்கள் யார், எந்த இடம் என்ற குறிப்பு. அது இல்லாத பத்தாயிரம் ஸ்கேன் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பெரியவர்கள் இருக்கும்போதே படத்தைக் காட்டிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மற்ற வேலைகளை அடுத்த வருடம் தள்ளிப் போடலாம், இதை முடியாது.

நன்கொடை கேட்கும்போது பராமரிப்புக்கென்றே கேளுங்கள். கேட்டால் கிடைக்காது என்று நானும் முதல் நாலு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தையல் நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து, துரு ஓட்டை பளிச்சென்று தெரிகிற மாதிரி, ஒரு பெட்டியும் நூறு உறையும் வாங்கினால் இதுபோல் எத்தனை நோட்டு தப்பிக்கும் என்று இரண்டே வரி எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்பினோம். அந்த வருடம் வந்த பெட்டிக் காசு, அதற்கு முந்தைய மூன்று வருடப் பொது நன்கொடையை விடக் கூடுதல். எந்தப் பெட்டி யார் பணத்தில் வாங்கியது என்று பட்டியலிலும் எழுதி வைத்தோம், கேட்டு வந்தவர்களுக்குத் திறந்து காட்டினோம்.

முதல் வருடத்துக்கு என் யோசனை இது. மூன்று அலமாரிக்கு மேல் இடம் தேடாதீர்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, ரசீது இல்லாமல் ஒரு காசு உள்ளேயும் வரக்கூடாது வெளியேயும் போகக்கூடாது, கணக்கை நிர்வாகத்தில் இல்லாத ஒருவர் தணிக்கை செய்யட்டும். பட்டியலை ஒருவர் தலைக்குள் வைக்காமல் எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு விரிதாளில் வையுங்கள். எங்கள் கழகத்தில் பட்டியல் பார்த்தவர் உடம்புக்கு முடியாமல் எட்டு மாதம் வராமல் இருந்தபோது, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டி வந்தது. சந்தாவை எவ்வளவு வைக்கலாம் என்று குழம்பினால், இருக்கும் மூன்று அலமாரியை ஒரு வருடம் பராமரிக்க என்ன ஆகும் என்று மேலே சொன்ன செலவுகளை வைத்துக் கூட்டுங்கள், அதை நிச்சயம் சேரக்கூடிய உறுப்பினர் எண்ணிக்கையால் வகுங்கள். அந்தத் தொகை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் அலமாரியில் ஒன்றைக் குறையுங்கள், சந்தாவைக் குறைக்காதீர்கள்.