பெட்டியில் 60 என்று போட்டிருந்தால் 60 கிடைக்குமா? பெரிய பிட், கார்ட்லெஸ் டிரில்: கேள்வி பதில்

மரத்தில் பெரிய ஓட்டை போடுவது பற்றி மட்டும் கேளுங்கள். காங்கிரீட் வேண்டாம்.

அண்ணே, 18 வோல்ட் டிரில் பெட்டியில் 60 நியூட்டன் மீட்டர், 500 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) என்று இருக்கிறது. 35 மிமீ ஃபார்ஸ்ட்னர் பிட்டுக்கு, அதான் தட்டை அடியுள்ள குழி போடும் பிட்டுக்கு, போதுமா?

அந்த இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் கிடைக்காது தம்பி. 500 என்பது பிட் காற்றில் சும்மா சுற்றும் வேகம். 60 என்பது மோட்டார் திணறி நிற்கப்போகும் நொடியில் தரும் முறுக்கு. இரண்டையும் பெருக்கி 9.55-ஆல் வகுத்தால் 3,100 வாட்டுக்கு மேல் வரும், கையில் பிடிக்கிற பேட்டரியில் ஏது அவ்வளவு? மேனுவலில் ஹார்டு டார்க் (சட்டென்று இறுகி நிற்கும்போது தரும் முறுக்கு), சாஃப்ட் டார்க் (மெல்ல இறுகும்போது தரும் முறுக்கு) என்று இரண்டு இருந்தால் சின்ன எண்ணைப் பாருங்கள், மரத்துக்கு அதுதான் நெருக்கம். அலமாரிக் கீலுக்கான 35 மிமீ குழி என்றால் மெதுவாகச் சுற்றும் கியர் 1-ல் இதுவே தாராளம். ஆனால் இப்படி அடி முழுவதையும் சீவும் பிட்டில் விட்டம் இரண்டு மடங்கானால் முறுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு கேட்கும், அதை மறக்க வேண்டாம். பூட்டுக்குப் போடும் 54 மிமீ ஹோல் சா அப்படியில்லை, ஓரத்தை மட்டும் அறுப்பதால் நினைப்பதைவிட லேசாகவே போகும்.

அப்புறம், பக்கக் கைப்பிடியை மாட்டுங்கள். பிடித்திருக்கும் கை அச்சிலிருந்து 15 செமீ தள்ளி இருந்தால், 60 நியூட்டன் மீட்டர் என்பது 40 கிலோ உங்கள் மணிக்கட்டை முறுக்குவது மாதிரி. வாகைக் கட்டையில் ஒரு கணுவில் பிட் மாட்டி, எனக்கு மூன்று வாரம் கை போயிற்று.

கியர் 2-ல் வைத்தேன், தேக்கில் புகை வந்தது. வேகம் கூடினால் சீக்கிரம் முடியாதா?

1,500 சுற்றில் 6 மிமீ பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு 28 மீட்டர் ஓடும், 35 மிமீ பிட்டின் விளிம்பு 165 மீட்டர். அது வெட்டவில்லை, தேய்க்கிறது. சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். மாவாக வந்தால் பிட் மழுங்கியிருக்கிறது, இல்லை நீங்கள் அழுத்தவில்லை. தட்டையான கரண்டி மாதிரி இருக்கும் ஸ்பேட் பிட் மட்டும் வேகம் கேட்கும், 25 மிமீ வரை கியர் 2-ல் முயன்று பார்க்கலாம். சத்தம் இறங்கி அதே அளவில் நின்றால் சரி, இறங்கிக்கொண்டே போனால் டிரிக்கரை விடுங்கள். நின்றுபோன மோட்டாரில் கரண்ட் உச்சத்தில் ஓடும், விசிறியோ சுற்றாது.

20 வோல்ட் மெஷின் 18-ஐவிடப் பலமானதா?

இரண்டிலும் அதே ஐந்து செல். முழு சார்ஜில் அளந்து பெட்டியில் போட்டால் 20. 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியை 4 ஆக்கிப் பாருங்கள், பெரும்பாலும் செல்கள் இரட்டை வரிசையாகி சுமையைப் பங்குபோடும், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

எத்தனை நியூட்டன் மீட்டர் வாங்கலாம்?

மேலே சொல்லியாயிற்று.

பிட் நடுவில் கடகடவென்று நிற்கிறது.

கிளட்ச், முறுக்கு கூடினால் பிடியை விடும் அமைப்பு. அதன் வளையத்தை டிரில் படத்துக்குத் திருப்புங்கள். பக்கக் கைப்பிடி?

இம்பாக்ட் டிரைவரில் 180 இருக்கிறதே, உங்கள் 60 எதற்கு?

வந்துவிட்டீர்களா. அந்த 180 தொடர்ந்து வருவதில்லை, சுத்தியடி மாதிரி விட்டுவிட்டு வருவது. திருகுக்கு அருமை. ஃபார்ஸ்ட்னரில் ஒவ்வொரு அடிக்கும் பிட் குதித்து ஓரம் பிய்யும்.

நான் 25 மிமீ ஆகர் பிட்டை (சுருள் தண்டு பிட்) அதில்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை!

ஆகரா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நுனித் திருகு தானே இழுத்துக்கொள்ளும், அடியைத் தாங்கும் பிட் வாங்கினால் கரடுமுரடான உத்தர ஓட்டைக்கு ஓடும். மணிக்கட்டும் தப்பிக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். கீல் குழியை அதில் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

எத்தனை நியூட்டன் மீட்டர் இருந்தால் நல்லது அண்ணே? காங்கிரீட்டுக்கும் சேர்த்து.

முதல் வரியைப் படியுங்கள்.